போதும் என்று சொல்வது யார்?



நம் இதழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நன்கு கற்றவர்கள். நானோ மதரசாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்துவிட்டு, இளம் வயதிலேயே ஜவுளிக் கடையின் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தவன். ஆயினும் ஒரு கேள்வி சில மாதங்களாக என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. அதை உங்கள் முன் வைப்பதில் தவறில்லை என்று நினைக்கிறேன்.

கேள்வி இதுதான். ஒரு மனிதன் பெரிய பொருளை விட்டுவிட்டுச் சிறிய பொருளோடு நின்று, "எனக்கு இது போதும்" என்கிறான். அது மனநிறைவா? அல்லது இயலாமைக்கு மாட்டிவிட்ட நல்ல சட்டையா? இரண்டும் வெளியே ஒன்றுபோலவே தோன்றுகின்றன. பிரித்தறிவது எப்படி?

இந்தக் கேள்வியை என்னிடம் கொண்டுவந்து சேர்த்தது எந்தப் பெரிய நூலும் அல்ல, ஸ்போர்ட்ஸ் கார். சிரிக்க வேண்டாம், விஷயத்தைக் கேளுங்கள்.

என் மனைவியின் தம்பி ஒருவர் இருக்கிறார். மின் வேலைக் குத்தகைத் தொழில் செய்கிறார். சிறு வயது முதல் அவருக்குக் கார்ப் பைத்தியம். புகை, சினிமா, சீட்டு எதுவும் கிடையாது. இந்த ஒரு பைத்தியம் மட்டும் உண்டு. அவருடைய அனுமதி பெற்றே இதை எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் கார் வைத்திருப்பது எப்படிப்பட்ட காரியம் என்பதை மலேசியாவிலுள்ள நேயர்களுக்காகச் சற்றுச் சொல்ல வேண்டும். 1990 முதல் இங்கே கார் வாங்க வேண்டுமானால் வாகன உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். அதன் ஆயுள் 10 ஆண்டு. காரை விலை கொடுத்து வாங்கினாலும், பத்தாண்டுக்கு மேல் வைத்திருக்க மறுபடியும் பணம் கட்ட வேண்டும். அந்த ஏலத்தின் போக்கோ வியாபாரிகளான நமக்கே தலை சுற்றும். 2008 நவம்பரில் சிறிய கார்களுக்கான சான்றிதழ் வெறும் 2 வெள்ளிக்குப் போனது. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கானது 150,001 வெள்ளிக்குப் போனது. இவ்வளவு கொடுத்து வாங்கிய காரை ஓட்டவோ, விரைவுச் சாலையில்கூட மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் அனுமதியில்லை. இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறார் என்றால், கணக்குப் புத்தகம் வைத்திருக்கும் எவரும் அவரைப் புத்திசாலி என்று சொல்லமாட்டார்.

தம்பி முதலில் வாங்கியது 2007-இல், பழைய சுபாரு இம்பிரேசா. ராலி என்னும் காட்டுப்பாதைப் பந்தயத்தில் 1995, 2001, 2003 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்ற ஓட்டுநர்கள் ஓட்டியது அந்த வகைக் கார்தான். ஆகவே அக்கால வாலிபர்களுக்கு அதன்மேல் அவ்வளவு மோகம். நீல நிறம், முன்மூடியின்மேல் காற்று வாங்கும் பெரிய வாய், தெருமுனையில் திரும்பும்போதே தெரிந்துவிடும் சத்தம். என் கடை ஐந்தடிக்கு எதிரே அதை நிறுத்தினால் வாடிக்கையாளர்கள் துணியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்ப்பார்கள். அவருக்கு அதில் பெருமை. உண்மையைச் சொல்வதானால், எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

2012-இல் அதை விற்றுவிட்டு ஒரு போர்ஷே 911 வாங்கினார். 1963-இல் முதன்முதல் மக்களுக்குக் காட்டப்பட்டு, இன்றளவும் என்ஜினைப் பின்னால் வைத்தே செய்யப்படும் கார் அது. அவர் வாங்கியது 2006-இல் பதிவானது, 325 குதிரைத்திறன், மணிக்கு 280 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடியது. சான்றிதழில் மீதி நான்கு ஆண்டுகள். 2013 பிப்ரவரியில் கார்க் கடனுக்கு நாணய ஆணையம் கட்டுப்பாடு விதிப்பதற்கு முந்திய காலமாதலால், விலையின் பெரும்பகுதியைத் தவணையிலேயே போட முடிந்தது. நான் வேண்டாம் என்றேன். "மச்சான், நீங்கள் கடையைப் பெரிதாக்குவதில்லையா? அதுபோலத்தான்" என்றார். எனக்கு வாயடைத்துவிட்டது. ஏனெனில் அந்தச் சமயம் ஒரு பேரங்காடியில் இரண்டாவது கடை போட நானே இடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2015-இல் என் மாமனாருக்கு இருதய அறுவைச் சிகிச்சை நடந்தது. பிள்ளைகள் ஆளுக்கொரு பங்கு போட வேண்டும். தம்பியின் பணமெல்லாம் காரில் கிடந்தது. அவசரமாக விற்றார், வந்த பணம் மீதிக் கடனுக்கே போதவில்லை. கடைசியில் அவருடைய பங்கையும் சேர்த்துக் கொடுத்தது என் மனைவியின் வளையல்கள். அடகுக் கடைக்கு அவளோடு போய் வந்தது நான்தான். வழியில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. தம்பியும் அதன்பின் பல நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை, வெட்கம்.

இரண்டு ஆண்டுகள் அவருக்கென்று கார் இல்லை. வேலை வேனில் போனார், எம்.ஆர்.டி.யில் வந்தார். 2017-இல் ஒரு நாள் சிறிய கார் ஒன்றில் வந்து இறங்கினார். இரண்டே பேர் உட்காரலாம். கூரையைக் கையாலேயே மடக்கிவிடலாம். 2015-இல் பதிவான மாஸ்டா எம்.எக்ஸ்-5. 1989-இல் விற்பனைக்கு வந்து, 2016-இல் பத்து லட்சத்தை எட்டிய கார். எடை ஏறக்குறைய ஆயிரம் கிலோ. குதிரைத்திறன் அந்தப் போர்ஷேயில் பாதிக்கும் குறைவு. குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஓருடலாக இருக்க வேண்டும் என்று பொருள்படும் ஜப்பானிய வார்த்தையைத் தங்கள் கொள்கையாக வைத்து அதைச் செய்கிறார்களாம்.

"மச்சான், எனக்கு இது போதும். போர்ஷேயைவிட இதில்தான் எனக்குச் சந்தோஷம்" என்றார்.

நான் மனத்துக்குள் சிரித்தேன். "சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்" என்று போன நரியின் கதையை நாமெல்லாரும் பாலபாடத்திலேயே படித்தவர்கள். பெரியது போய்விட்டது, ஆகவே சிறியதே மேல் என்கிறார், இதை நம்பலாமா? நம்பக்கூடாது என்றே ஐந்து வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2022-இல் அவருக்குக் குத்தகை வேலைகள் நன்றாக வந்தன. ராத்தாவின் வளையல்களை 2018-லேயே மீட்டுக் கொடுத்திருந்தார். உம்மாவின் செலவு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் போகக் கையில் பணம் நின்றது. தெரிந்த ஒருவர் தம்முடைய போர்ஷேயை விற்க வந்தார். நியாயமான விலை, கடன் தேவையில்லை. தம்பி அதை எடுத்து ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நேரே என் கடைக்கு வந்தார்.

"ஏன் தம்பி, பழுதா?" என்றேன்.

"இல்லை மச்சான். அருமையான கார். அதைப்போல ஒன்றை இனி யாரும் செய்யப்போவதில்லை என்றே தோன்றுகிறது. ஆனால் அதற்கு உயிர் வருகிற வேகத்துக்கு இங்கே சாலை இல்லை. அங்கே நான் காரைக் கட்டிப் பிடித்துக்கொண்டே ஓட்ட வேண்டும். என் காரில் ஐம்பதிலேயே எனக்கு வேலை இருக்கிறது: கியர் மாற்ற வேண்டும், வளைவைப் பார்க்க வேண்டும், காற்று வருகிறது. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் போட்டு நிற்க நான்கு மடங்கு தூரம் வேண்டும் மச்சான். அந்தத் தூரம் என்னுடையதா? சாலையில் நடக்கிறவனுடையது அல்லவா?"

ஞாயிறு விடியலில் அவர் போவது பழைய அப்பர் தாம்சன் சாலை. 1961 முதல் 1973 வரை கார்ப் பந்தயம் நடந்த சாலை அது. இப்போது இருபுறமும் காடு, குறுக்கே குரங்குகள். ஒரு நாள் என்னையும் அழைத்துப் போனார். முன்பு பந்தயக் கார்கள் பறந்த இடத்தில் நாங்கள் குரங்குக்கூட்டம் கடந்து போகட்டும் என்று காரை நிறுத்திக் காத்திருந்தோம். அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். நடிப்பில்லை.

சகோதரர்களே! இங்கேதான் எனக்கு விடையின் ஒரு பாதி கிடைத்தது. "வேண்டாம்" என்ற சொல்லை இயலாதபோது சொன்னால் அதற்கு எடை இல்லை. இயலும்போது சொன்னால்தான் தராசில் நிற்கும். 2017-இல் அவர் சொன்ன "போதும்" உண்மையா என்பது அவருக்கே தெரிந்திருக்காது. 2022-இல் தெரிந்தது.

ஆனால் உடனே ஓர் ஆட்சேபம் எழும். அப்படியானால் பணக்காரனுக்கு மட்டுந்தான் மனநிறைவு உண்டா? வாழ்நாள் முழுவதும் வாங்க வகையில்லாத ஏழையின் போதும் என்ற மனம் பொய்யா? ஒருக்காலும் இல்லை. அவனுக்கும் ஒரு சோதனை உண்டு. அதற்குக் காசு வேண்டாம். தனக்குக் கிடைக்காததைப் பிறர் கையில் காணும்போது அவன் என்ன சொல்கிறான் என்று கவனியுங்கள். நரியின் குற்றம் பழத்தை விட்டுப் போனது அன்று. பழத்தைப் புளிப்பு என்று பழித்ததுதான். மனம் நிறைந்தவனுக்கு, விட்ட பொருளை ஏச வேண்டிய அவசியமில்லை. "அது நல்லது, எனக்கு வேண்டியதில்லை" என்று இரண்டையும் ஒரே மூச்சில் அவனால் சொல்ல முடியும். தம்பி போர்ஷேயைப் பற்றி இன்றும் ஒரு குறை சொல்லமாட்டார். விடையின் மறுபாதி அதுவே.

இந்த அளவுகோலை அவருக்குப் பிடித்துப் பார்த்தபோது, அது திரும்பி என்னையே அளந்தது.

நான் 2014-இல் பேரங்காடியில் போட்ட இரண்டாவது கடையை 2016-இல் மூடினேன். வாடகை தின்றுவிட்டது. அன்று முதல் எங்கே உட்கார்ந்தாலும் நான் செய்யும் உபதேசம் ஒன்றுதான்: "ஒரு கடை போதும். பரக்கத்து ஒன்றில்தான். பேரங்காடியில் கடை போடுகிறவனெல்லாம் விளக்கு வெளிச்சத்துக்கு வாடகை கட்டுகிறவன்." நம் சங்கத்தின் தேநீர் மேசையில் பலர் இதைக் கேட்டிருப்பீர்கள். இளைஞர் ஒருவர் புதிதாகக் கடை போட யோசனை கேட்டு வந்தபோதும் இதையே சொல்லி அனுப்பினேன். அவர் முகம் வாடித் திரும்பியது நினைவிருக்கிறது.

சென்ற ஆண்டு என் கடைக்குப் பக்கத்துக் கடை காலியாயிற்று. சுவரை இடித்தால் ஒரே கடையாகிவிடும். மூன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. அந்த இடத்தை வேறொருவர் எடுத்தார் என்று கேள்விப்பட்டதும் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "எத்தனை நாள் தாங்குகிறான் பார்ப்போம்" என்பது. தம்பி அப்போது என் எதிரே உட்கார்ந்திருந்தார். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மரியாதையாகவே கேட்டார்:

"மச்சான், ஒரு கடை போதும் என்று சொல்வது நீங்களா, அல்லது அந்த 2016-ஆம் வருஷத்து நட்டமா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் மனநிறைவு என்று இத்தனை நாள் பெயர் சொல்லி வந்தது பயம். பயத்தினால் ஒதுங்குவது பாவமன்று; சில சமயம் அதுவே விவேகமுங்கூட. ஆனால் பயத்துக்குப் போதும் என்ற மனம் என்று பெயர் வைத்து, அதைப் பிறருக்குப் போதிப்பது சரியன்று. கலப்படச் சரக்குக்கு நல்ல முத்திரை குத்தி விற்பதற்கும் அதற்கும் என்ன வேற்றுமை?

தம்பியின் நடத்தை முழுவதையும் நான் மெச்சவில்லை. 2025-இல் அவர் காரின் பத்தாண்டு முடிந்தபோது, மேலும் 5 ஆண்டுக்குப் பணம் கட்டிப் புதுப்பித்தார். அப்படிப் புதுப்பித்ததை மறுபடி நீட்டிக்க முடியாது. காலம் முடிந்ததும் காரைக் கொடுத்துவிட வேண்டியதுதான். அந்தப் பணத்துக்கு வேறு நல்ல உபயோகம் இருந்தது என்பதே என் அபிப்பிராயம், அவரிடமே சொன்னேன். "தெரியும் மச்சான். எல்லாருடைய பங்கும் கொடுத்த பிறகு மீந்ததில் கட்டினேன். ஐந்து வருஷம் கழித்து விடைகொடுக்கவும் தயார்" என்றார். 2012-இல் அவர் சொன்ன பதிலோடு இதை வைத்துப் பாருங்கள். ஆசை அப்படியே இருக்கிறது, மனிதர் மாறிவிட்டார். முன்பு மற்றவர் எட்டிப் பார்ப்பதற்காக வாங்கினார், பிறகு எட்டாத உயரத்துக்காக வாங்கினார், இப்போது தாம் முழுவதும் பயன்படுத்தக் கூடியதை வைத்திருக்கிறார். மாறி மாறி வாங்குகிறவனையெல்லாம் நிலையில்லாதவன் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. சிலர் மாறுவது கற்றுக்கொள்வதால். நான் மாறாமல் இருந்தது மட்டும் உறுதியினாலா?

பக்கத்துக் கடையை எடுத்த சகோதரரை சென்ற வாரம் சென்று பார்த்தேன். அலமாரியெல்லாம் அழகாக அமைத்திருக்கிறார். "நல்ல கடை, நன்றாக நடக்கும்" என்றேன். சொல்லும்போது நெஞ்சில் ஒரு முள் குத்தத்தான் செய்தது. அது குத்தாத நாள் வரும்போது ஒரு கடை போதும் என்று மறுபடி சொல்லலாம் என்றிருக்கிறேன். அதுவரை அந்த உபதேசத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். முன்பு என்னிடம் யோசனை கேட்டு வாடித் திரும்பிய இளைஞர் இதைப் படிக்க நேர்ந்தால், மறுபடி ஒருமுறை கடைக்கு வரட்டும். இம்முறை வாடகைக் கணக்கையும் சரக்குக் கணக்கையும் மட்டும் பேசுவோம்.