காற்றில் விழுந்த ஆர்க்கிட்

ராஜபாளையத்தில் ஆர்க்கிட் வளர்க்கும் பத்துப் பேர் மாதம் ஒரு ஞாயிறு கூடுகிறோம். காபி, முறுக்கு, 'எனக்கு மட்டும் ஏன் சார் பூக்கலை?' என்கிற புலம்பல். ஒருமுறை ஓர் அன்பர் காட்டு ஆர்க்கிட்டுடன் வந்தார்.

'ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில காத்துக்குக் கிளையோட விழுந்து கிடந்தது. விட்டிருந்தா செத்திருக்கும்.'

நியாயம்தான். இந்த வகை ஆர்க்கிட் மரத்தை உறிஞ்சாது. ஏறி உட்கார்ந்திருக்கும், அவ்வளவே. தரையில் விழுந்தால் அழுகும். ஆனால் 2021 முதல் அது புலிகள் காப்பகம். அனுமதியில்லாமல் செடி எடுப்பது குற்றம். அவசியமும் இல்லை. காட்டில் இதன் விதை முளைக்கப் பூஞ்சையின் தயவு வேண்டும். 1922-ல் லூயிஸ் நட்சன் அது இல்லாமலே குடுவையில், சர்க்கரை சேர்த்த அகாரில் முளைக்கவைத்தார். இன்று நர்சரியிலேயே கன்று கிடைக்கிறது.

ஒரு டீச்சர் மட்டும் கேட்டார்: 'பக்கத்து மரத்துலயே கட்டிட்டு வந்திருக்கலாமே?'

அன்பர் முறுக்கு கடித்தார். நான்தான் செயலாளர். 'விழுந்தது பரவாயில்லை' என்று பெருந்தன்மையாகத் தீர்ப்பளித்தேன். அடுத்த கூட்டத்துக்கு 'விழுந்த' செடிகள் மூன்று வந்தன. அந்த மாதம் ஊரில் இலைகூட அசையவில்லை.

இனி காட்டுச் செடியே கூடாது என்று விதி போட்டோம். முதல் செடி மட்டும் என் வீட்டு மாமரத்தில் இருக்கிறது. அன்பர் அன்பளிப்பு. போன வாரம் பூத்தது. யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை.