பிம்பத்தின் தெளிவு

திருப்பூரின் வடபால், முன்பு தனி ஊராட்சியாக இருந்து 2011-ஆம் ஆண்டில் மாநகராட்சியோடு இணைந்த நெருப்பெரிச்சலில், பனியன் துணிக்கு அச்சிடும் பட்டறை ஒன்றில் ஒரு மாலைப்பொழுது நான் உட்கார்ந்திருந்தபோது, ஷிப்டு முடிந்து வந்த டெய்லர் ஒருவர், வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தம் கைப்பேசியை டிசைனர் தம்பியின் மேசைமேல் மெதுவாக வைத்தார். வாட்ஸ்அப்பில் டிபியாக வைப்பதற்கென்று அவர் காட்டியது, காலமாகிவிட்ட அவர் தகப்பனாரின் முகம். அடையாள அட்டையிலிருந்த தபால்தலை அளவுப் படத்தை யாரோ கைப்பேசியால் பிடித்து, அது சொந்தக்காரர்களுக்குள் கைமாறிக் கைமாறி, நெற்றி எங்கே முடிகிறது, தலைமயிர் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய முடியாதபடி சாம்பல் நிறக் கட்டங்களாய்க் குழைந்து கிடந்தது.

"கொஞ்சம் தெளிவாப் பண்ணிக் குடுங்க தம்பி" என்றார்.

தம்பி அதைப் படந்துலக்கும் செயலி ஒன்றில் ஏற்றினார். அரை நிமிஷத்தில், இமைமயிரை ஒவ்வொன்றாய் எண்ணிவிடலாம் போன்ற கூர்மையோடு, வழுவழுப்பான நெற்றியும் ஒளிவிடும் கண்களுமாக ஒரு முகம் திரையில் எழுந்தது. அவர் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு, குரலில் கோபம் சிறிதும் இன்றி, "நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா இது எங்கப்பா இல்லீங்க" என்றார்.

அந்த வாக்கியம் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. தெளிவு என்பதும் சத்தியம் என்பதும் ஒன்றே என்று நாம் அனைவரும் சிந்தியாமலே நம்பி வந்திருக்க, கலங்கிய படத்தில் இருந்த தந்தை தெளிந்த படத்தில் இல்லாமற்போனார் என்று ஒரு மகன் தயக்கமின்றிச் சொல்கிறார் என்றால், பிம்பத்தின் தெளிவு என்று நாம் விரும்புவதுதான் யாது?

விரும்புவதே தவறு என்பாரும் உண்டு. அழியும் தேகத்தின் நிழலை டிபியின் சிறு வட்டத்துக்குள் பளிச்சென்று வைத்துக்கொள்ள ஆசைப்படுவது தேகாபிமானமே அல்லவா என்று அவர்கள் கேட்கக்கூடும். நான் அவ்வாறு எண்ணவில்லை. உலகத்தில் உள்ள முகங்களையெல்லாம் பார்க்க வல்ல மனிதனுக்கு, தன் முகம் ஒன்றை மட்டும் தன் கண்ணால் நேரே காணும் பாக்கியம் கிடையாது. ஆகவே முகம் என்பது நம்மோடு இருந்தாலும் பார்ப்பவருக்காகவே அமைந்த பொருள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இங்கே பவர்டேபிள் என்னும் தையல்மேசையில் குனிந்திருக்கும் பிள்ளைகளின் தாய்மார், ஆண்டுக்கொருமுறை நேரில் பார்ப்பது போக, மற்ற நாளெல்லாம் பார்ப்பது அந்த வட்டத்தைத்தான். அதைத் துலக்கமாய் வைத்திருப்பது தன்னை அலங்கரித்துக்கொள்வது அன்று. தேடி வரும் கண்ணுக்குச் செய்யும் உபசாரம்.

அத்தெளிவு எப்படிப் போகிறது என்பதையும் சற்றுக் கவனிக்க வேண்டும். பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, தம் மாணவர் நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் ஆகியோருடன் 1974-இல் வெளியிட்ட ஒரு கணித முறை, 1992-இல் வகுக்கப்பட்ட ஜேபெக் என்னும் படவடிவத்துக்கு உயிர்நாடியாயிற்று. படத்தை எட்டுக்கு எட்டு, அறுபத்துநான்கு புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணிய வேறுபாடுகளை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைக் காப்பது அவ்வடிவத்தின் வழி. ஒருமுறை விடுவதில் குற்றமில்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் வந்ததைச் சேமித்து, வெட்டி, மறுபடி அனுப்பி, அதையே இன்னொருவர் திரைப்பிடிப்பாக எடுத்து மேலும் அனுப்பும்போது, படம் சிறுகச் சிறுகத் தன்னை மறந்துகொண்டே போகிறது. இதை நன்றாக அறிந்தவர்கள் அச்சுப்பட்டறைக்காரர்கள். பார்ட்டி வாட்ஸ்அப்பில் போட்டோவாக லோகோ அனுப்பினால், "டாக்குமெண்டா அனுப்புங்க, இல்லாட்டி ஒரிஜினல் ஃபைலையே மெயில் பண்ணுங்க" என்று இவர்கள் மன்றாடுவதைத் தினமும் கேட்கலாம். அச்சுக்கான ஸ்கிரீன் செய்ய, மருந்து பூசிய மெஷ்ஷின்மேல் பிலிமை வைத்து ஒளி காட்டினால், ஒளி பட்ட இடம் இறுகி, கறுப்பு மறைத்த இடம் தண்ணீரில் கழுவிப்போகும். பிலிமில் விளிம்பு கலங்கியிருந்தால் ஸ்கிரீனிலும் கலங்கும், அங்கிருந்து ஆயிரம் டீசர்ட்டிலும் கலங்கும். பின்னால் செய்யும் எந்தச் சாமர்த்தியமும் மூலத்தில் விட்ட குறையை நிரப்புவதில்லை. கூர்மையாக்கும் கருவி என்று கைப்பேசியில் இருப்பதும், விளிம்பின் ஒருபுறத்தைச் சற்றுக் கறுப்பாக்கி மறுபுறத்தைச் சற்று வெளுப்பாக்குவதே தவிர, பதியாத மயிர் ஒன்றைக் கொண்டுவந்து சேர்ப்பதன்று.

மூலத்தில் செய்ய வேண்டியதோ மிக எளியது. கல்யாணக் கூட்டப்படத்திலிருந்து நகத்தளவு முகத்தை வெட்டியெடுக்காமல், அதற்கென்றே ஒரு படம் எடுக்க வேண்டும். உச்சிவெயிலில் நிற்காமல் வாசல் நிழலில் வெளிச்சத்தைப் பார்த்து நிற்க வேண்டும். கண்கள்மேல் கூர்மை விழும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். விக்கிரகத்தின் அங்கமெல்லாம் முடித்து, கண் திறப்பதைக் கடைசிவரை நிறுத்திவைத்திருக்கும் ஸ்தபதிகளுக்கு இதன் அருமை தெரியும். இவ்வூருக்கென்று விசேஷமாக இன்னொன்று உண்டு. பனியன் கம்பெனியில் காற்றோடு கலந்திருக்கும் பஞ்சுத்தூசும், மெஷின் எண்ணெய் பட்ட விரலின் பிசுக்கும் கேமராக் கண்ணாடியில் படிந்து, எல்லா முகத்துக்கும் ஒரு புகைத்திரையைப் போட்டுவிடுகின்றன. அதற்கு மருந்தும் அங்கேயே காலடியில் கிடக்கிறது: கட்டிங் வேஸ்டில் ஒரு மென்மையான துண்டு.

கண்ணாடியில் தூசு படிந்தால் முகத்துக்கு அழுக்கில்லை என்பதை வேதாந்திகள் வெகுகாலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். பிரதிபிம்பம் பிம்பத்துக்கு வேறானதன்று, கண்ணாடியில் தெரிவது முகமேதான் என்பது பத்மபாதரின் வழி. தெரிவது முகத்தின் தோற்றம் மாத்திரமே, அது ஆபாஸம் என்பது சுரேசுவரரின் வழி. (வெறுந்தோற்றம் என்று பொருள்பட்ட அச்சொல், தமிழில் இன்று இழிந்த பொருளுக்கு இறங்கிவிட்டதை எண்ணி நான் வருந்துவதுண்டு.) இவ்விரண்டில் எது சரி என்று தீர்க்க நான் வல்லவன் அல்லேன், ஆனால் அன்று பட்டறையில் இரண்டும் அடுத்தடுத்துத் திரையில் நின்றதைக் கண்டேன். கலங்கிய படம், எத்தனை கைமாறித் தேய்ந்திருந்தாலும், ஒருநாள் ஒரு மனிதரின் முகத்தில் பட்டுத் திரும்பிய ஒளியோடு அறாத ஒரு நூலால் கட்டுண்டிருந்தது. செயலி தந்ததோ, வேறு எத்தனையோ முகங்களைப் படித்து, இந்த இடத்தில் பொதுவாக இப்படித்தான் இருக்கும் என்று ஊகித்து இட்டு நிரப்பியது. அதற்குப் பிம்பமே இல்லை.

ஊகித்து வரையலாகாதா என்றால், வரையலாம். வள்ளலாரைப் படம்பிடிக்கச் சென்னையிலிருந்து வந்தவர் பலமுறை முயன்றும் வெள்ளாடை மட்டுமே பதிந்தது என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். இன்று வீடுதோறும் நாம் வணங்கும், தலையில் முக்காடிட்ட அத்திருவுருவம் ஓவியர் கை தந்தது. அது ஓவியம் என்றே நம் முன் நிற்கிறது. அன்பினால் எழுந்தது என்பதை மறைக்கவில்லை. புகைப்படம் அப்படியன்று, அது சாட்சி. பதியாததைப் பதிந்ததாகச் சாட்சி சொல்வதைக் காட்டிலும், வெள்ளாடை மட்டும் விழுந்த அந்தத் தகட்டின் வெறுமை எனக்கு மேலானதாகப் படுகிறது. உருவம் பிடிபடாத அம்மகான்தான் தெளிவை எவரினும் அதிகமாக வேண்டினார் என்பதையும் இங்கே நினைக்கிறேன்: 1872-ஆம் ஆண்டுத் தைப்பூசத்தில் வடலூர் ஞானசபையில் தொடங்கிய ஜோதி தரிசனத்தில், திரைகள் ஏழும் ஒவ்வொன்றாக விலகிய பின்னரே சுடர் தெரியும். அங்கே நடப்பது மறைப்பை நீக்குதல். எதையும் புதிதாய்க் கூட்டுதல் இல்லை.

அந்த டெய்லர் பொங்கல் லீவு முடிந்து வந்தபின் ஒருநாள் மறுபடி பட்டறைக்கு வந்தார். தங்கை வீட்டுச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த பழைய ஸ்டூடியோப் படம் ஒன்றைக் கேட்டு வாங்கி, சட்டத்தைக் கழற்றிப் படத்தை மட்டும் இரண்டு நோட்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்திருந்தார். தம்பி தம் கைப்பேசியின் கேமராவைப் பனியன் துண்டால் இருமுறை துடைத்து, வாசல் வெளிச்சத்தில் படத்தைக் கிடத்தி, நேர்மேலிருந்து எடுத்து, டாக்குமெண்டாகவே அவருக்கு அனுப்பினார். ஓரம் பழுத்து, ஒரு மடிப்பு குறுக்கே ஓடிய அந்தப் படத்தை அவர் டிபியாக வைத்து, பிறகு இரண்டு விரலால் பெரிதாக்கி, இடது புருவத்தின்மேல் வெளிறிய ஒரு கோடு தெரியும்வரை நகர்த்தி, என் பக்கம் நீட்டினார்.

"இதுங்க, மாடு முட்டுன தழும்பு."