தீயும் தெய்வமும்: பிலிகிரிரங்கன் மலையின் சவன்னா

கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில், தமிழகத்தின் சத்தியமங்கலம் காடுகளை ஒட்டி எழுகிறது பிலிகிரிரங்கன் மலைத்தொடர். மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கும் பாலம் அது. சுமார் 600 மீட்டரில் தொடங்கி 1,800 மீட்டர் வரை உயரும் இந்த மலையின் உச்சிகளில் சோலைக்காடும் புல்வெளியும் உண்டு. அடிவாரத்தில் முட்புதர் உண்டு. பெரும்பரப்போ, வெக்காளி, கருமருது, வேங்கை, நெல்லி போன்ற மரங்கள் விலகி விலகி நிற்க, இடையே ஆளுயரப் புல் வளரும் நிலம். யானை, காட்டெருமை, கடமான், அவற்றை நம்பிய புலி, செந்நாய் எல்லாம் இந்தப் புல்லின் கணக்கில் வாழ்பவை.

வனத்துறை இதை இலையுதிர் காடு என்றே நெடுங்காலம் பதிந்து வந்தது. ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் உள்ளிட்ட சூழலியலாளர்கள் 2011இல் வெளியிட்ட கட்டுரை, இத்தகைய நிலங்களைச் சவன்னா என்றே கொள்ள வேண்டும் என வாதிட்டது. சவன்னாப் புல்லுக்கு வெயில் வேண்டும். மர நிழல் மூடினால் அது அழியும். நிழல் மூடாமல் காப்பவை மேய்ச்சலும் தீயும். தெற்காசியாவில் இவ்வகைப் புற்கள் பரவி ஏறத்தாழ எழுபது, எண்பது லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே இந்தப் புல்வெளி மனிதன் காட்டை அழித்ததால் வந்த மிச்சம் என்று சொல்ல முடியாது.

இங்கேதான் சமயச் சிந்தனைக்கு ஒரு சிக்கல் எழுகிறது. ஓர் இடம் புனிதமானது என்றால் அதைத் தொடாமல் விடுவதா, அதில் கைவைத்துப் பேணுவதா?

முதல் விடைக்கு நவீன உலகில் வலுவான குரல் கொடுத்தவர் இயற்கையியலாளர் ஜான் மியூர். அமெரிக்க மலைகள் அவருக்குக் கோயில்கள். மனிதன் அங்கே வந்து வணங்கிவிட்டுத் திரும்ப வேண்டியவன். அந்த நாட்டின் 1964ஆம் ஆண்டு வனாந்தரச் சட்டமும் மனிதனை அங்கே தங்காத விருந்தாளியாகவே வரையறுத்தது. ஆனால் மியூர் கண்டு உருகிய, கலிபோர்னியாவின் யோசெமிட்டிப் புல்வெளிகள், பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தீயிட்டுத் திறந்து வைத்திருந்தவை. அவர்கள் வெளியேற்றப்பட்டு, தீயும் நின்றபின், மரங்கள் அவற்றை விழுங்கத் தொடங்கின. இந்த வனாந்தரக் கொள்கையை இந்தியா போன்ற நாடுகளுக்கு இறக்குமதி செய்வது ஏழைகளின் நிலத்தைப் பறிப்பதில் முடியும் என்று வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா 1989இலேயே எச்சரித்தார்.

இரண்டாவது விடை பிலிகிரிரங்கன் மலையின் பழங்குடியினரான சோளகரிடம் இருக்கிறது. மலை உச்சியில் கோயில் கொண்ட ரங்கநாதர் சோளகப் பெண் ஒருத்தியை மணந்தவர் என்பது அவர்கள் மரபு. எனவே அவர் அவர்களுக்கு மைத்துனர் முறை. பழம்பெரும் சண்பக மரமான தொட்ட சம்பிகேயின் அடியிலும் தெய்வம் உண்டு. ஒவ்வொரு குலத்துக்கும் உரிய எல்லைக்குள் தேவரு, மாரம்மா, வீரு, மூதாதையர் கற்கள் நிற்கும் கல்லுகுடி, நீரூற்றான அப்பி என ஐவகைத் தலங்கள் அமைந்திருக்கும். ஆய்வாளரும் சோளகரும் சேர்ந்து வரைபடமாக்கியபோது இத்தகைய தலங்கள் நானூற்றுக்கும் மேல் தேறின. தேன் எடுக்கும்போது கொஞ்சம் தரையில் விட்டு வருவார்கள். புலிக்கு மரம் ஏறித் தேன் எடுக்க வராதே! இந்தச் சமய மரபில் மலை, வணங்கப்படும் பொருளாகத் தள்ளி நிற்கவில்லை. உறவினர் வீட்டில் செய்ய வேண்டிய வேலைகள் இருப்பது போல மலையிலும் கடமைகள் உண்டு.

அக்கடமைகளில் ஒன்று தரகு பெங்கி. கோடையின் தொடக்கத்தில், சருகு அதிகம் சேரும் முன், தரையோடு தவழும் சிறு தீ வைப்பார்கள். பழைய புல் போய்ப் புதுத் தளிர் வரும். நெல்லி மரங்களைப் பிடிக்கும் ஒட்டுண்ணியும் உண்ணிச்செடியும் கட்டுக்குள் இருக்கும். 1974இல் மலை சரணாலயமாக அறிவிக்கப்பட்டபின் இடம்பெயர் வேளாண்மை நின்றது, மக்கள் போடு எனும் குடியிருப்புகளுக்குள் ஒதுக்கப்பட்டனர், தீ தடைசெய்யப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாக இந்தியாவுக்கு வந்த உண்ணிச்செடி, 1997க்கும் 2008க்கும் இடையே இம்மலையில் ஏறத்தாழ இரு மடங்கு இடங்களுக்குப் பரவியது. தீ நின்றதே இதற்குக் காரணம் என்பது சோளகரின் விளக்கம். அது மட்டுமே காரணம் என்று எல்லா ஆய்வாளரும் ஏற்பதில்லை. ஆயினும் காட்டை நாள்தோறும் கண்டவர்கள் சொன்ன விளக்கத்தை ஆய்வு மிகத் தாமதமாகவே கேட்டது.

கொல்லாமையை அறமாகக் கொண்ட மரபுக்கு இந்தத் தீ உறுத்தலானது. சருகோடு பூச்சியும் முட்டையும் இளங்கன்றும் எரிகின்றன. மகாபாரதத்தின் காண்டவ வனக் காட்சி நினைவுக்கு வராமல் இராது: அக்கினியின் பசிக்காக ஒரு காடே எரிகிறது, தப்ப முயலும் உயிர்களை அர்ச்சுனனும் கண்ணனும் மடக்குகிறார்கள், விரல்விட்டு எண்ணக்கூடியவையே பிழைக்கின்றன. அது காட்டை இல்லாமலாக்கும் தீ. தரகு பெங்கியில் விலங்கு ஓடவும் வேர் பிழைக்கவும் வழி உண்டு. இரண்டையும் ஒரே பாவக் கணக்கில் எழுதுவது, செய்கையை மட்டும் பார்த்து அளவையும் பருவத்தையும் விளைவையும் பார்க்காத அறம். தீயே வைக்காமல் இருந்தாலும் கை சுத்தமாகிவிடாது. வருடக்கணக்கில் சேர்ந்த சருகும் அடர்ந்த உண்ணிப் புதரும் ஒருநாள் பற்றினால் மர உச்சிவரை எரியும். அதனால்தான் இன்று பழைய தீயை அப்படியே திருப்பிக் கொண்டுவருவதும் எளிதல்ல. முதலில் புதரை வெட்டி அகற்ற வேண்டியிருக்கிறது.

தெய்வம் குடியிருப்பதால் காடு தானே காக்கப்படும் என்ற நம்பிக்கைக்கும் இம்மலையில் சான்று குறைவு. தலங்கள் அழிக்கப்படவில்லை, மக்கள் அங்கே செல்வதும் அங்கு செய்து வந்த வேலைகளும்தான் நின்றன. அவற்றைச் சுற்றியே புதர் ஏறியது. புனிதம் இடத்தில் உறைகிறது என்பதைவிட, இடத்தோடு மக்கள் கொண்ட பழக்கத்தில் உறைகிறது என்பதே இங்கு பொருந்தும் விளக்கம்.

2011 ஜனவரியில் இம்மலை புலிகள் காப்பகமானது. அதே ஆண்டு, வன உரிமைச் சட்டத்தின்கீழ் சோளகரின் கிராம சபைகளுக்குச் சமூக உரிமைகள் ஏற்கப்பட்டன. புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் இப்படி நடந்தது இந்தியாவில் அதுவே முதல்முறை. தேனும் நெல்லியும் எடுக்கவும், தெய்வங்களை வழிபடவும் வழி பிறந்தது. தீ மட்டும் திரும்பவில்லை. சரணாலயத்துக்கு ஆபத்து நேரும் வகையில் தீ மூட்டுவதைத் தடுக்கும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, எந்தத் தீ ஆபத்து, எது பராமரிப்பு என்று பிரித்துச் சொல்வதில்லை.