பறத்தலும் பறக்கடித்தலும்

திண்டிவனத்துக்குத் தென்கிழக்கே, மரக்காணத்தை ஒட்டிக் கிடக்கிறது கழுவெளி. மழைநீரும் கடல்நீரும் கலக்கும் தாழ்நிலம். 2021இல் பறவைகள் சரணாலயம் ஆயிற்று. 2024இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பூநாரையும் கூழைக்கடாவும் வருகிற இடத்துக்குக் காமிராவும் வரும்.

நின்று மேயும் நாரையின் படத்துக்கு மதிப்பில்லை. பறக்கும் நாரைதான் வேண்டும். அது எழ மறுத்தால் ஒரு கைதட்டல், ஒரு மண்ணாங்கட்டி போதும். கூட்டம் எழுகிறது. இறகு இறகாகத் துல்லியமான படம் கிடைக்கிறது. பார்ப்பவன் 'சுதந்திரம்' என்கிறான். படத்தில் இருப்பது பயம்.

இங்கு ஒரு கேள்வி. தானாக எழுந்த பறவையின் படமும் இதுவும் அச்சாக ஒன்றுபோலவே இருந்துவிடலாம். அப்போது வேறுபாடு எங்கே இருக்கிறது? படைப்பைப் படைப்பாக மட்டும் பார்க்க வேண்டும், அது பிறந்த கதை விமர்சனத்துக்கு வேண்டாத சரக்கு என்று வாதித்துப் பழகியவர்கள் நாம். கவிதைக்கு அந்த வாதம் செல்லும். கவிஞன் பறக்கவிடும் நாரை சொல்லால் ஆனது; அதற்குப் பசி கிடையாது. புகைப்படத்தில் உள்ளதோ ஒரு குறிப்பிட்ட பறவையின் குறிப்பிட்ட கணம். அந்தக் கணத்தை உண்டாக்கியது எது என்பதும் படத்தின் பொருளில் சேர்ந்ததே.

பறத்தலைப் படமாக்கிய முன்னோடி, பிரெஞ்சு உடலியலாளர் மாரே, 1882இல் செய்த கருவி துப்பாக்கி வடிவில் இருந்தது. விநாடிக்கு 12 படம். தமிழில் நாமும் படம் 'பிடிக்கிறோம்', கொக்கும் பிடிக்கிறோம்.

ஒரு தடவை எழுப்பினால் பறவை செத்துவிடாது, படம் நாலு பேருக்குப் பரிவை உண்டாக்கும் என்பார்கள். உண்டாக்கலாம். விலை கொடுப்பது யார்? பூநாரை நீரின்மேல் ஓடி வேகம் கூட்டித்தான் எழ முடியும். மேய்ந்து சேர்த்த கொழுப்பு அதில் செலவாகிறது. முட்டையிருக்கும் கூட்டைவிட்டு எழுப்பினால் மிச்சத்தை வெயிலும் காக்கையும் பார்த்துக்கொள்ளும். நம் ரசனைக்கான கடனை வேறோர் உயிரின் கணக்கில் எழுதுகிறோம்.

வடக்கே வேடந்தாங்கலில், 1798இல் ஊர்க்காரர்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதி வாங்கினார்கள். எச்சம் கரைந்த ஏரிநீர் வயலுக்கு உரம். சுயநலம்தான். ஆனால் அந்தச் சுயநலத்துக்குப் பறவை பறவையாக இருந்தால் போதும். நம் அழகுணர்ச்சிக்கு அது போதவில்லை.

வெயில் ஏறி நிலம் சூடாகிக் காற்று மேலெழும்போது கூழைக்கடாவும் பெரிய நாரைகளும் அதில் வட்டமிட்டு உயரும். இது தெரிந்தவனுக்குக் கல் வேண்டாம், காத்திருந்தால் போதும். பறவைக்கும் தன் காரணம் உண்டு என்று ஒப்புக்கொள்வதுதான் காத்திருத்தல். அன்று அவை எழாமலே போகலாம். வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். அதற்குச் சம்மதமில்லாதவன் பறவையைப் பார்க்க வரவில்லை.