பார்ப்பது கண்ணா, கல்பா?

"சுவரில் மாட்டிய படமும் முஸல்லாவில் நெய்த சித்திரமும் தொழுகைக்கு எப்படி இடைஞ்சலாகும்? நாம்தாம் அவற்றைப் பார்ப்பதே இல்லையே!" என்று கேட்பவர்கள் உண்டு. உருவப் படங்கள் கூடுமா, கூடாதா என்ற சட்டத்தை இங்கே நாம் எடுத்துக் கொள்ளவில்லை. அதை உலமாக்கள் விரிவாகவே எழுதியிருக்கிறார்கள். பார்ப்பதில்லை என்கிறோமே, அது உண்மைதானா என்பதே நம் கேள்வி.

பஸ்ராவில் 965-ல் பிறந்து கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஹைதம் என்னும் பேரறிஞர், 'கிதாபுல் மனாழிர்' என்ற ஏழு பாக நூலில் பார்வையைத் துருவி ஆராய்ந்தார். கண்ணில் ஒளி வந்து விழுவதோடு காரியம் முடிவதில்லை. விழுந்ததை முன்பு அறிந்தவற்றோடு ஒப்பிட்டு 'இன்னது' என்று மனம் தீர்ப்புச் சொல்கிறது. அது நடக்கும் வேகத்தில், தீர்ப்புச் சொன்னதே நமக்குத் தெரிவதில்லை என்றார். மேலோட்டமாகப் பார்ப்பது வேறு, ஊன்றிப் பார்ப்பது வேறு என்றும் பிரித்துக் காட்டினார்.

சோவியத் ரஷ்யாவில் யார்பஸ் என்ற ஆய்வாளர், கண்ணின் மேல் சிறு கண்ணாடியைப் பொருத்தி, கண் போகும் பாதையையே கோடுகளாகப் பதிவு செய்தார். அவருடைய நூல் 1965-ல் வெளிவந்தது. நாடு கடத்தப்பட்டிருந்த ஒருவர் திடீரென்று வீட்டுக்குள் நுழையும் காட்சியை ரெப்பின் என்ற ஓவியர் வரைந்திருந்தார். அந்த ஓவியத்தை ஒரே ஆளிடம் பலமுறை காட்டி, ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வி கேட்டார் யார்பஸ். இவர்களின் வயது என்ன என்றதும் கண் முகங்களுக்கு ஓடியது. குடும்பம் வசதியானதா என்றதும் உடைகளையும் மேஜை நாற்காலிகளையும் மேய்ந்தது. படம் ஒன்றுதான், மனத்திலிருந்த கேள்வி மாறியது, கண்ணின் வழியும் மாறியது. நிய்யத்தின் வேலையை இதைவிடத் தெளிவாக யார் காட்ட முடியும்?

"அப்படியானால் உள்ளம் சுத்தமாக இருந்தால் போதுமே, படம் என்ன செய்யும்?" என்று உடனே சொல்லிவிடக் கூடாது. கேள்வி எதுவும் கேட்காமல் விட்டபோதும் அந்தக் கண் சும்மா இருக்கவில்லை. முகம் இருந்த இடத்துக்குத் தானே போயிற்று. முகத்திலும் கண்களையும் உதடுகளையும் திரும்பத் திரும்பத் தொட்டது. நாம் அனுப்பாமலே அது போகிறது. 'பார்ப்பதே இல்லை' என்ற பேச்சு இங்கேதான் நிற்காமல் போகிறது.

அபூஜஹ்மு (ரலி) அவர்கள் அன்பளிப்பாகத் தந்த பூவேலைப் போர்வையை அணிந்து நாயகம் (ஸல்) அவர்கள் தொழுதார்கள். அந்த வேலைப்பாட்டில் பார்வை பட்டது. தொழுகை முடிந்ததும், அது தம் கவனத்தை ஈர்த்துவிட்டதாகக் கூறித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அதில் உயிருள்ள உருவம் ஒன்றும் இல்லை, வெறும் பூவேலைதான்! அவர்களுடைய கல்பைவிடத் தூய கல்பு யாருடையது?

கஅபாவும் மதீனத்துக் குப்பாவும் நெய்த முஸல்லாக்கள் இன்று நம் வீடுகளில் ஏராளம். பக்தி கூடும் என்றுதான் வாங்குகிறோம். ஆனால் கியாமில் நிற்பவரின் கண் மினாராக்களை எண்ணிக் கொண்டிருந்தால்? தொழுகை முறிந்துவிடாது, அண்ணலாரும் அந்தத் தொழுகையைத் திரும்பத் தொழவில்லை. அதன் மேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்தால் தீர்ந்தது. யாரேனும் ஹஜ்ஜிலிருந்து ஆசையோடு கொண்டு வந்து தந்ததாயிற்றே என்று தயங்குவோரும் இருப்பர். போர்வையைத் திருப்பி அனுப்பிய நாயகம் (ஸல்) அவர்கள், அதற்குப் பதிலாக அபூஜஹ்மிடமிருந்தே வேலைப்பாடில்லாத ஒரு போர்வையைக் கேட்டு வாங்கினார்கள். கொடுத்தவர் மனம் நோகக் கூடாதே என்பதற்காகத்தான் என்று உலமாக்கள் விளக்கம் கூறுகிறார்கள்.