வேதசாஸ்திரம் யாருடைய வேலை?



படவேட்டில் ஆரணிப் பட்டு நெய்யும் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா தறியில் இருக்கிறார். அம்மா தார் சுற்றுகிறாள். பிள்ளை கேட்கிறது: "அம்மா, செத்துப்போன தாத்தா ஞானஸ்நானம் வாங்கலையே, மோட்சத்துக்குப் போவாரா?"

"சாமியாரைக் கேளு, எனக்கென்ன தெரியும்?" என்பாள் அம்மா. பிள்ளை சாமியாரைக் கேட்கப் போவதில்லை. தாத்தா நரகத்தில் வேகிறார் என்று தானே முடிவுகட்டி, இராத்திரியில் அழும்.

வேதசாஸ்திரமென்றால் குருமடத்தில் லத்தீன் புத்தகம் படிப்பதென்றே நாம் நினைத்துவிட்டோம். 11-ம் நூற்றாண்டில் அர்ச். ஆன்செல்ம் அதற்குக் கண்ட இலக்கணம் எளிது: விசுவசிக்கிறவன், தான் விசுவசிப்பதை விளங்கிக்கொள்ளத் தேடுவது. அப்படியானால் அந்தப் பிள்ளை கேட்டதும் வேதசாஸ்திரந்தான், தட்டிக்கழித்தது அம்மா.

நம் நாட்டில் வீரமாமுனிவர் 'வேதியர் ஒழுக்கம்' எழுதியது யாருக்கு? உபதேசியார்களுக்கு! குருவானவர் எப்போதோ வந்துபோன ஊர்களில் ஜனங்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லி நின்றவர்கள் அவர்களே. 1946-ல் பாப்பரசர் 12-ம் பத்திநாதர், தேவமாதாவின் ஆரோபணத்தைப் பற்றி மேற்றிராணிமாருக்கு எழுதியபோது, அவர்களுடைய கருத்தை மட்டுமா கேட்டார்? குருக்களும் ஜனங்களும் அதில் கொண்டுள்ள பக்தி எத்தகையது என்றும் கேட்டார். அதன் பிறகே 1950 நவம்பர் 1-ந் தேதி அதை விசுவாச சத்தியமாகப் பிரகடனம் செய்தார்.

இதைக் கேட்டு ஆளுக்கொரு வேதசாஸ்திரம் செய்யப் புறப்பட்டுவிடாதீர்கள். பாவு இல்லாமல் நாடாவை எவ்வளவு வீசினாலும் சேலையாகாது. அப்போஸ்தலர்கள் தந்து, திருச்சபை காத்துவருகிற பாவு ஒன்று இருக்கிறது.

அந்த அம்மாவுக்கும் அது கைக்கெட்டாத தூரத்தில் இல்லை. தம் குற்றமின்றிச் சுவிசேஷத்தை அறியாதிருந்தும், நேர்மையான உள்ளத்தோடு சர்வேசுரனைத் தேடி, மனச்சாட்சிப்படி நடக்கப் பிரயாசைப்படுகிறவர்கள் அவருடைய வரப்பிரசாதத்தால் இரட்சணியம் அடையக்கூடுமென்று 1964-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் போதித்தது. தாத்தா மோட்சத்தில் இருக்கிறாரென்று அவள் அடித்துச் சொல்ல முடியாது. நரகத்தில் என்று சொல்லவோ ஒருவருக்கும் அதிகாரமில்லை. "ஆண்டவர் நல்லவர், தாத்தாவுக்காக வேண்டிக்கொள்வோம்" என்று அவள் சொல்லலாமே. அது உத்தமமான வேதசாஸ்திரம்.

பிள்ளை விடுமா? "அப்படியானால் நமக்கு மட்டும் ஏன் ஞானஸ்நானம்?" என்று கேட்கும். அப்போது அம்மா தாரைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.