விளக்கு மாறினால் நீலம் மாறும்

கோவளம் கரையில் ஏற்றி வைத்திருக்கும் ஃபைபர் படகுகளை உச்சிவெயிலில் பாருங்கள். பொழுது சாயும்போதும் பாருங்கள். பெயிண்ட் ஒன்றுதான், நீலம் இரண்டு. அதே முப்பதடிப் படகை 1:20 அளவில் ஒன்றரை அடி மாடலாகச் செய்து வண்ணம் பூசுகிறவருக்கு இந்தச் சிக்கல் வீட்டு மேசையிலேயே வந்துவிடும்.

பழைய குண்டு பல்பின் ஒளி ஏறக்குறைய 2,700 கெல்வின். அதில் சிவப்பும் மஞ்சளும் தூக்கல், நீலம் குறைவு. அந்த வெளிச்சத்தில் கலக்கிய நீலம் எவ்வளவு ஊற்றினாலும் போதாதது போலவே தெரியும். காலையில் ஜன்னலருகே வைத்தால் படகு கண்ணைப் பறிக்கும்! புடவைக்கு மேட்சிங் பிளவுஸ் எடுக்கும் பெண்கள் துணியைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பார்ப்பது சும்மா இல்லை. ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் இன்னொரு விளக்கில் பிரிந்து நிற்கும்.

சிறிய மாடலில் அசல் நிறம் கருத்துத் தெரியும் என்று துளி வெள்ளை சேர்ப்பவர்கள் உண்டு. சேர்க்கட்டும், அதற்கு முன் விளக்கைச் சரிசெய்வதே மேல். எல்.இ.டி. பல்பு அட்டையில் 6,500 கெல்வின், ‘கூல் டேலைட்’ என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. நிறத்தை உள்ளபடி காட்டும் திறனைச் சொல்லும் சி.ஆர்.ஐ. எண் 90-க்கு மேல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மாடல் எந்த விளக்கின் கீழ் நிற்கப்போகிறதோ, கடைசிப் பூச்சுக்கு முன் அங்கேயே ஒருமுறை வைத்துப் பார்த்துவிடுங்கள்.